எந்தக் குழாய் என்றுதான் கேட்டோம்

ஓரகடம் கூட்டுரோடு கண்ணில் படும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல் அரைக்கிற மிஷினின் சத்தம் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. அப்புறம் மழைத்தண்ணீர் நின்ற வயல்களில் தவளைகள் போட்ட கூச்சலில் அது அமுங்கிப் போனது. தோளில் என் மகள் சாந்தி. ஒன்றரை வயது. எனக்குப் பின்னால் என் மனைவி மல்லிகா, தலையில் துணிமூட்டையும் கையில் தூக்குச்சட்டியுமாக வந்துகொண்டிருந்தாள். மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் சாயங்காலம் போகச் சொல்லியிருப்பான். சாயங்காலம் வரை தாங்காது என்பது குழந்தையின் மூச்சிலேயே தெரிந்தது.

அந்த மூச்சை இப்போது எழுதும்போதும் என் தோள் அதை உணர்கிறது. வெயிலில் ஓடிவந்து நிற்கும் நாயின் வயிறு எப்படித் துடிக்கும், அப்படித் துடித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. அழவில்லை. அழுவதற்கு மூச்சு மிச்சம் இல்லை.

தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் அது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு லாரி கிளீனர், அரிசி மில், கிணறு தோண்டுவது, செங்கல் சூளை என்று கால் போன பக்கம் போனேன். எந்த வேலையிலும் கை நன்றாகப் பழகிவிட்டால் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். மல்லிகா மூட்டை கட்டப் பழகிவிட்டாள். அந்த வருஷம் ஓரகடம் பக்கத்தில் ஒரு கல்லரைக்கிற இடத்தில் இருந்தோம். மழை விட்டால் தூசி, மழை பெய்தால் குடிசைக்குள் ஈர விறகின் புகை. இரண்டில் ஒன்று எப்போதும் குழந்தையின் மூக்கில் இருந்தது.

முதலில் சளி என்றுதான் நினைத்தோம். பக்கத்துக் குடிசைக்காரி கோரோசனை உரைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி மஞ்சள்கொம்பைச் சுட்டு வயிற்றில் வைத்தால் மாந்தம் இறங்கிவிடும் என்றாள். மல்லிகா அதற்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தை பாலைத் துப்பிவிட்டு என் முகத்தையே பார்த்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

படப்பையில் ஒரு டாக்டர் இருந்தார். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இது என் கையில இல்லப்பா. பட்டணத்துல குழந்தைங்களுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. வழியில டீ குடிக்கக்கூட எறங்காத."

பீஸ் வாங்க மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் சின்ன வயசு டாக்டர், தெற்கத்திக்காரர். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலேயே விட்டுவிட்டு, சாந்தியின் சட்டையை மேலே தூக்கச் சொல்லி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பாட்டு நேரத்துக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று பார்க்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது.

"டாக்டரு, கொழந்தய பாருங்க சார்."

"அதத்தானே அண்ணாச்சி பாக்கேன். அசைக்காம பிடிச்சுக்கிடுங்க. மூச்ச எண்ணிக்கிட்டு இருக்கேன்."

ஒரு முழு நிமிஷம் எண்ணினார். குழந்தைக்கு நுரையீரலில் நோய் இருக்கிறதா என்பதை அதைவிடச் சீக்கிரம் சொல்கிற வழி வேறு இல்லை என்று பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார். மூச்சு வேகமாக ஓடினால் நோய். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே வயிறு உள்ளே ஒடுங்கினால் பெரிய நோய். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் குழந்தை இருந்தால் இந்த இரண்டை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் இல்லாவிட்டாலும் வயிறு ஒடுங்குவது கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு முந்தின நாளே தெரிந்தது. அதற்கு அர்த்தம்தான் தெரியவில்லை.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் கறுப்பு, அது காற்று. வலது பக்கம் கீழே பாதி வெள்ளை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழும் நீரும் உறைந்து கிடந்தால் அப்படித் தெரியுமாம். நிமோனியா என்றார்.

வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். எங்கள் கட்டிலில் சாந்தியோடு கிடந்தவன் நான்கு மாதப் பையன், பாலு. அவனுடைய அம்மா முனியம்மா பென்னலூர்க்காரி. சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். வந்த அன்றைக்கே மல்லிகாவுக்குத் தன் பாயில் பாதியை விரித்துக் கொடுத்தாள்.

"ஒக்காரு தங்கச்சி. எந்த ஊரு?"

"ஊரு இன்னாக்கா ஊரு. இவரு எங்க நிக்கிறாரோ அதான்."

"அப்ப ரொம்ப நாளா நடந்துகினே கீறன்னு சொல்லு."

அந்த இடத்திலும் மல்லிகா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிரிப்பு அடங்குவதற்குள் சிஸ்டர் ஆக்ஸிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தார். மல்லிகா எழுந்து கட்டிலுக்கும் உருளைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். வேண்டாம் என்றாள். காற்று வைத்த குழந்தை பிழைக்காது என்றாள். அவளுடைய சித்தி மகனுக்குக் காஞ்சிபுரத்தில் காற்று வைத்தார்கள், அரை நாளில் போய்விட்டான். முனியம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த வார்டில் எல்லாத் தாய்மாரும் இதை நம்பினார்கள். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் குழாயைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உருளைகள் கொஞ்சம்தான் இருந்தன. சாகக் கிடக்கிற குழந்தைக்குத்தான் முதலில் வரும். வந்த பிறகு குழந்தை செத்தால், பார்க்கிறவள் கண்ணுக்குக் காற்றுதான் கொன்றதாகத் தெரியும்.

சிஸ்டர் போய்ப் பெரிய டாக்டரம்மாவை அழைத்துவந்தார். நரைத்த தலை, நூல் புடவை. அதட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ பயப்படறது எனக்குப் புரியுது. ஆக்ஸிஜன் இல்லாம இந்தக் குழந்தை ராத்திரியைத் தாண்டாது. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எந்தக் குழாய்ல குடுக்கறது நல்லதுன்னுதான் எனக்குத் தெரியாது."

இரண்டு குழாய்களை எடுத்துக் காட்டினார். ஒன்று நீளம். ஒரு மூக்குத் துவாரத்தின் வழியாக உள்நாக்குக்குப் பின்னால் வரை போகும். காற்று வீணாகாது, ஆனால் சளி அடைத்துக்கொள்ளலாம். இன்னொன்று குட்டை. இரண்டு துவாரத்தின் வாசலிலும் இரண்டு சின்ன முனைகளாக நிற்கும். அடைக்காது, ஆனால் காற்று வெளியே கசியலாம். உலகத்தில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியவில்லை, அதைத்தான் நாங்கள் ஆராய்ச்சி செய்கிறோம் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க கொழந்தய வெச்சு பாக்கப் போறீங்களாம்மா?"

"ஆமாம்ப்பா" என்றார். மறைக்கவில்லை. "வேண்டாம்னா சொல்லு. அப்பவும் இதே மருந்து, இதே கட்டில், இதே நான். ஒண்ணும் குறையாது."

"எந்தக் கொழந்தைக்கு எந்தக் கொழாய்னு யாரு சொல்றது? நீங்களா?"

"நான் சொன்னா என் மனசு ஒரு பக்கம் சாயும். அதனால யாரும் சொல்லப்போறதில்லை. ஒட்டின கவர் வரிசையா வெச்சிருக்கோம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குழாய் பேரு. உங்க முறைக்கு எந்தக் கவர் வருதோ அதைப் பிரிப்போம்."

மல்லிகா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பூ கட்டிப் பாக்கற மாதிரியாம்மா?"

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. முடிவெடுக்க முடியாத காரியம் என்றால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றும் அறியாத குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வந்த வாக்கை யாரும் மீறமாட்டார்கள். இரண்டாம் முறை கேட்கவும் மாட்டார்கள்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "அந்த மாதிரிதான்னு வெச்சுக்கோ. ஆனா இதுல சாமி இல்லைம்மா."

"சாமி இல்லன்னா போவுது. ஆளு பாத்து குடுக்கமாட்டாங்க இல்ல?" என்றாள் மல்லிகா. "இவ கல்லு ஒடைக்கிறவ, இவளுக்கு இது போதும்னு யாரும் சொல்லமாட்டாங்க இல்ல?"

"சொல்ல முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

"அப்ப பிரிங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காற்றே வேண்டாம் என்றவள், கவர் என்றதும் ஒப்புக்கொண்டாள். ஆளுக்கு ஒரு அளவு வைத்துக் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். யார் கையும் படாமல் வருகிற ஒன்றை அவள் நம்பினாள்.

சாந்திக்கு நீளக் குழாய் வந்தது. அன்றே கொஞ்ச நேரம் கழித்து முனியம்மாவும் சரி என்றாள். பாலுவுக்குக் குட்டைக் குழாய். அவளுக்குச் சந்தோஷம். தொண்டைக்குள் எதுவும் போகாது பாருங்கள். "எனுக்கு நல்ல கொழாதான் வந்துக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆக்ஸிஜன் நேராக மூக்குக்கு வராது. தண்ணீர் பாட்டிலுக்குள் புகுந்து கொப்பளித்து ஈரமாகி வரும். அந்தக் கொப்பளிப்புச் சத்தம் அந்த வார்டின் சத்தம். குழந்தையின் கால் கட்டைவிரலில் கிளிப் போல ஒன்றை மாட்டினார்கள். அதற்குள் சிவப்பு வெளிச்சம் எரியும். ரத்தத்தில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்று அது பக்கத்துப் பெட்டியில் எண்ணாகக் காட்டும். அந்த ஆராய்ச்சிக்காக வந்த மிஷின் அது. இருந்தது ஒன்றே ஒன்று. கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். தாய்மார் அதற்குச் செவப்பு விளக்கு என்று பெயர் வைத்தார்கள். தன் குழந்தையின் விரலுக்கு விளக்கு வருவதைக் கோயில் தீபாராதனை மாதிரி எழுந்து நின்று பார்ப்பார்கள்.

இரண்டு நாள் ஊசியும் காற்றுமாகப் போனது. நடுவில் குழாயைச் சளி அடைத்தது. எடுத்துக் கழுவி மறுபடி வைத்தார்கள். நான் மரத்தடியில் ஆண்களோடு உட்கார்ந்திருப்பேன். அங்கே யாரும் யாரிடமும் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். முனியம்மாவின் புருஷன் பென்னலூரிலிருந்து சைக்கிளில் பஸ் ஸ்டாப் வரை வந்து, பஸ் பிடித்து, தூக்கில் சோறு கொண்டுவருவார். நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்கு இருக்கும். வீட்டில் ஆள் கணக்குத் தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று தினமும் அதே பொய்யைச் சொல்லி எங்களுக்கும் வைப்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மல்லிகா மரத்தடிக்கே வந்து என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் தெளிவு இருந்தது.

"யோவ், வந்து பாரு. மூச்சு கொறஞ்சி கீது. தூங்குறா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். வயிறு துடிக்கவில்லை. நிதானமாக ஏறி இறங்கியது. முனியம்மா அம்மனுக்குக் கற்பூரம் நேர்ந்துகொண்டாள். எனக்கு இத்தனை நாள் கழித்துப் பசி தெரிந்தது, டீ குடிக்கலாம் என்று திரும்பினேன். எதிரே வந்த தெற்கத்தி டாக்டர் கட்டிலைப் பார்த்ததும் நடையை விட்டுவிட்டு ஓடிவந்தார். சாந்தியின் உள்ளங்காலில் சுண்டினார். அவள் அழவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தார். விளக்கை வரவழைத்து மாட்டினார்.

"எப்பம் இருந்து இப்டி இருக்கா?"

"இப்பதான் சார். கொறஞ்சிடிச்சி இல்ல?"

"குறையல அண்ணாச்சி. அசந்து போயிட்டா. இழுத்து இழுத்து இனிமே முடியாதுன்னு விட்டுட்டா."

இந்த இடத்தை நான் யாரிடம் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வேன். நோய் உள்ள குழந்தையின் மூச்சு குறைவது எப்போதும் நல்லதுக்கு இல்லை. மூட்டை தூக்குகிறவன் முதலில் மூச்சு வாங்குவான். அப்புறம் ஒரு கட்டத்தில் மூச்சும் வாங்காமல் அப்படியே சரிவான். இது அந்தக் கட்டம்.

பெரிய டாக்டரம்மா வந்தார். வார்டின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. அங்கே கொண்டுபோய் மூச்சுக்குழலுக்குள்ளேயே ஒரு குழாயை இறக்கி, நாம் காற்றை உள்ளே தள்ள வேண்டும் என்றார். சிஸ்டர் மூக்கில் இருந்த குழாயின் பிளாஸ்திரியைப் பிரிக்கக் கை வைத்தார்.

மல்லிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுக்கக் கூடாது."

"ஏம்மா?"

"கவர்ல வந்தது அது. நீங்கதான பிரிச்சீங்க. வந்த வாக்க மாத்தினா கொழந்த தங்காது."

"அம்மா, அது ஆராய்ச்சிக்கு. குழந்தை மோசமானா மாத்தியே ஆகணும். நான் அன்னிக்கே சொன்னேனே."

சொல்லியிருந்தார். ஆனால் பூ கேட்டவள் காதில் அது எப்படி நிற்கும்? மல்லிகா கையை விடவில்லை. "இப்பதான் நல்லா தூங்குறா. நீங்க மாத்திட்டு அப்பறம் பூட்ச்சின்னு சொல்லுவீங்க" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில் தாய்மாரெல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருத்தியும் டாக்டர் பக்கம் பேசவில்லை. எல்லோருக்கும் அவள் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நேரம் இல்லைப்பா" என்று மட்டும் சொன்னார்.

நான் மல்லிகாவை அடித்ததில்லை, அதட்டியும் பழக்கமில்லை. எங்கே போகிறோம் என்று அவள் கேட்டதில்லை, வருகிறாயா என்று நானும் கேட்டதில்லை. அப்படியே ஓட்டிவிட்டோம். அன்றைக்குப் பேச வேண்டியிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"மல்லிகா, நாம இன்னா கேட்டோம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கொழாய்னுதான கேட்டோம்? கொழந்த பொழைக்கணுமா வேணாமான்னு கேக்கல. அத யாராவது பூ கட்டிக் கேப்பாங்களா மே? அது கேக்கற கேள்வியா?"

அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிஸ்டரின் கையை விட்டுவிட்டாள். டாக்டரம்மா குழந்தையைத் தன் கையாலேயே வாரி எடுத்துக்கொண்டு அந்த அறைக்கு ஓடினார். நரைத்த தலையோடு அவர் ஓடியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த அறையில் மூச்சு விடவைக்கும் மிஷின் ஒன்றுதான் வேலை செய்தது. அதில் வேறொரு குழந்தை இருந்தது. அதனால் சாந்தியின் வாய்க்குள் இறக்கிய குழாயோடு ஒரு ரப்பர் பையைச் சேர்த்தார்கள். பெரிய மாங்காய் அளவு இருக்கும். அதை அழுத்தினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். மிஷின் காலியாகும்வரை அதை யாராவது கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தெற்கத்தி டாக்டர் கொஞ்ச நேரம் அழுத்தினார். வெளியே இன்னொரு குழந்தைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் என் கையில் பையை வைத்தார்.

"அழுத்துங்க. நெஞ்சு எழும்புதா? போதும், விடுங்க. மெதுவா அண்ணாச்சி, கல்லு உடைக்கிற கை உங்களுக்கு. பலமா அழுத்துனீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சிரும்."

"எவ்ளோ வேகம் சார்?"

"நீங்க மூச்சு விடுததவிடக் கொஞ்சம் வேகமா. அவ நெஞ்ச மட்டும் பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க."

பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அழுத்தினால் அந்தச் சின்ன நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும். நான் விட்ட இடத்தில் அவளாக ஒரு மூச்சு இழுப்பாளா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். காத்திருக்கக் கூடாது, அழுத்திவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்தன. மல்லிகா வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கை சரியாக வந்தது, என்னைவிட மென்மையாக. அவளுக்கும் மரத்தபோது முனியம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளியாள் வரக்கூடாத அறை. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள நல்லா தூங்குறான். குடு தங்கச்சி. மாவாட்டுற கையி இது, நோவாது."

அப்படி மூன்று பேரும் மாற்றி மாற்றி அழுத்தினோம். மறுநாள் வெயில் ஏறினபோது மிஷின் காலியானது. அதில் இருந்த குழந்தைக்கு அது இனித் தேவைப்படவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அதன் அப்பா மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். அன்றைக்கு அவர் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது.

சாந்தி மிஷினில் சில நாட்கள் கிடந்தாள். மெல்ல அவளாக இழுக்கத் தொடங்கினாள். மிஷின் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். குழாயை எடுத்த அன்று அவள் அழுதாள், சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் குழாய் கிடந்ததால் குரல் ஒட்டிப்போயிருந்தது. வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல், கண்ணீர் விட்டு அழுதாள். மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாலு அதற்கு முந்தின நாளே போய்விட்டான்.

அவனுக்கு நன்றாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. காற்றை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசினார்கள். திடீரென்று ஒரு காலையில் நீலம் பாய்ந்தது. நுரையீரலில் சீழ்க்கட்டி ஒன்று உடைந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலையே நெருக்கிவிட்டதாம். விலாவுக்குள் ஊசி குத்திக் காற்றை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவன் பக்கத்திலேயே நின்றார், கடைசிவரை. நான் கண்ணாடி அறையின் வெளியே நின்றேன். மல்லிகா உள்ளே சாந்தியிடம் இருந்தாள்.

முனியம்மா பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, புருஷன் வண்டி பிடித்து வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் முனியம்மா என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீ அன்னிக்கி சொன்னியே. நான் இன்னா கேட்டன்? எந்தக் கொழாய்னுதான கேட்டன்?"

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"நல்ல கொழாதான்ணே வந்திச்சி எனுக்கு" என்றாள்.

வண்டி வந்தது. எழுந்தவள் திரும்பி மல்லிகாவிடம், "பாய வெச்சிக்கோ தங்கச்சி, ஈரத்துல போடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்களை அனுப்பும் நாளில் பெரிய டாக்டரம்மா சாந்தியின் முதுகில் காது வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் இருந்தும் காதைத்தான் வைத்தார். நான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"எந்தக் கொழாய் நல்லதுன்னு தெரிஞ்சிச்சாம்மா?"

"இல்லைப்பா. இன்னும் நெறைய குழந்தைகளைப் பாக்கணும். அப்பதான் தெரியும்."

"சாந்திய எந்தப் பக்கம் எழுதுவீங்க? பாதியில மாத்திட்டீங்களே."

அவர் என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "கவர்ல எது வந்ததோ அந்தப் பக்கம்தான். நீளக் குழாய் போதலைன்னு எழுதுவேன். குழந்தை பொழச்சுதான்னு கேட்டா, பொழச்சுதுன்னு எழுதுவேன்."

"முனியம்மா புள்ள?"

"எழுதிட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கணக்குல அவனை விட்டுட்டா குட்டைக் குழாய் ரொம்ப நல்லதாத் தெரியும். அது பொய்" என்றார்.

அந்த அம்மா மீது எனக்கு இருந்த மிச்சச் சந்தேகமும் அந்த இடத்தில் போனது.

அப்புறம் எங்களுக்கு இரண்டு விஷயம் சொன்னார். தூசியும் புகையும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. நுரையீரல் ஆற நாளாகும், அதுவரை கல்லரைக்கிற இடத்துப் பக்கமே போகக் கூடாது. இன்னொன்று, ஒரு மாதம் கழித்து மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் வருவதே இல்லை, குழந்தை நன்றாக இருக்கிறதா செத்ததா என்றுகூடத் தெரியாமல் போய்விடுகிறது என்று வருத்தப்பட்டார். விலாசம் கேட்டார். இல்லை என்றேன். எங்கே இருந்தாலும் வாருங்கள் என்றார்.

தாம்பரம் வந்து, படப்பை பஸ்ஸில் ஏறினோம். சாந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூச்சு தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் என் விரல்கள் மடியில் மூடித் திறந்துகொண்டே வந்தன. மல்லிகா அதைப் பார்த்துவிட்டுத் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

"இந்தத் தபா நான் சொல்ற எடத்துலதான் எறங்கணும்" என்றாள்.

"சொல்லு."

"பொக வராத எடம்."

அன்று படப்பையில் ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் முனியம்மாவின் பாயை விரித்துப் படுத்தோம்.

மறுநாள் விடிந்ததும் வேலை தேடிக் கிளம்பினேன். ஓரகடம் போகிற வழியில் ஏதோ கம்பெனிக்காக வாங்கின நிலத்தைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி, காற்று தாராளம். லாரி ஒன்று நின்றது. சூப்பர்வைசர் என் தோளைப் பார்த்துவிட்டு நேராக லாரியைக் காட்டினான்.

"சிமெண்ட் மூட்டை எறக்கறியா? கூலி ஜாஸ்தி."

"வாணாம் சார். மேலெல்லாம் தூசி ஒட்டும். வூட்ல கொழந்த கீது. குழி வெட்றேன்."

"குழிக்குக் கம்மிதான்."

"சரி சார்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஊர் ஊராகப் போகிறவனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்போல. "எத்தினி நாளு இருப்ப? ரெண்டு நாள்ல கம்பி நீட்டிடுவியா?"

"ஒரு மாசம் கண்டிப்பா இருப்பேன் சார். ஒரு மாசம் ஆனதும் ஒரு நாள் லீவு வோணும். பட்டணம் போவணும்."

"வேலைக்கே சேரல, லீவு கேக்கறான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சிரித்தான். "அதுக்கு மேல?"

"கொழந்தய பாத்துட்டு சொல்றேன்."

கயிறு பிடித்து முதல் குழிக்கு அடையாளம் வைத்தார்கள். கடப்பாரையை வாங்கி ஓங்கிக் குத்தினேன். மழை ஊறின மண். தூசி எழவில்லை.